‘இலவச’ டிரிங்க்ஸ், கட்டாய ‘டிப்ஸ்’: க்ரூஸ் கப்பல் பில்லில் ஒளிந்திருக்கும் 305 டாலர்

ஏழு இரவு கரீபியன் கப்பல் பயணம். அளவில்லாத டிரிங்க்ஸ் இலவசம், ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட்டில் சாப்பாடு இலவசம், வைஃபை இலவசம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது இவ்வளவுதான். இரண்டு பேருக்கு கேபின் தேர்வு செய்து, கார்டு நம்பர் தட்டும் பக்கத்துக்கு வந்தால், அந்த ‘இலவச’ டிரிங்க்ஸுக்கு மட்டும் 2024-இல் 305 டாலர் 20 சென்ட் சேர்ந்திருந்தது. டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 26,000 ரூபாய்.

இலவசம்னு சொல்லிட்டு எதுக்குங்க காசு? அந்தத் தொகைக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது: ‘கிராஜுவிட்டி’.

நம்மூர் ஆபீஸ்களில் கிராஜுவிட்டி என்றால் வேலையை விட்டுப் போகும்போது கைக்கு வரும் பணிக்கொடை. அமெரிக்க க்ரூஸ் கப்பலில் அதே வார்த்தைக்கு அர்த்தம் வேறு. அங்கே அது டிப்ஸ். பரிமாறியவருக்கு மனம் குளிர்ந்து கொடுக்கும் காசு. ஆனால் கப்பல் இன்னும் துறைமுகத்தைவிட்டே கிளம்பவில்லை. யாரும் எதையும் பரிமாறவில்லை. அதற்குள் டிப்ஸ் வசூலாகிவிட்டது. அதுவும் கட்டாயமாக!

சில நூறு டாலர் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ‘இலவசம்’, ‘டிப்ஸ்’ என்ற இரண்டு சாதாரண வார்த்தைகளின் அர்த்தத்தை மாற்றி, ஒரு விலையை எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பூஜ்யத்தில் 20% எவ்வளவு?

அமெரிக்காவின் மயாமியைத் தலைமையிடமாகக் கொண்ட நார்வீஜியன் க்ரூஸ் லைன், ‘ஃப்ரீ அட் சீ’ (கடலில் எல்லாம் இலவசம் என்ற தொனியில்) என்ற பெயரில் இந்தச் சலுகையைப் பல ஆண்டுகள் விற்றது. 2025 ஜனவரியில் ‘மோர் அட் சீ’ என்று பெயரை மாற்றியது. பெயர் எதுவானாலும் இதன் கணக்கு சுவாரசியமானது.

2024 நிலவரப்படி, இந்த நிறுவனத்தின் பிரீமியம் டிரிங்க்ஸ் பேக்கேஜின் பட்டியல் விலை ஒருவருக்கு ஒரு நாளைக்கு 109 டாலர். சலுகையில் வருபவர்களுக்கு அந்த 109 டாலர் தள்ளுபடி. ஆனால் அதன் மேல் 20% கிராஜுவிட்டிக்குத் தள்ளுபடி கிடையாது. 109-இல் 20% என்றால் 21 டாலர் 80 சென்ட். ஏழு நாளைக்கு 152.60. இரண்டு பேருக்கு 305.20. ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட் ‘இலவச’ சாப்பாட்டுக்கும் இதே பாணியில் தனிக் கணக்கு உண்டு.

இங்கேதான் ஒரு எளிய கேள்வி எழுகிறது. பயணி அந்தப் பேக்கேஜுக்குக் கொடுத்த விலை பூஜ்யம் என்றால், பூஜ்யத்தில் 20% எவ்வளவு? பூஜ்யம்தானே? இல்லை, கொடுக்காத விலைக்குத்தான் சதவீதம் கணக்கிடப்படுகிறது. இதில் நிறுவனத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. பட்டியல் விலை முன்பு 99 டாலராக இருந்தது. அப்போது கிராஜுவிட்டி 19.80. பட்டியல் விலை 109 ஆனதும் கிராஜுவிட்டி தானாகவே 21.80 ஆனது. சலுகை அப்போதும் ‘இலவசம்’, இப்போதும் ‘இலவசம்’. பயணி கொடுக்கும் பணம் மட்டும் 2 டாலர் கூடிவிட்டது.

காய்கறிக் கடையில் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு, “கொத்து பத்து ரூபாய், அதில் 20% சர்வீஸ் சார்ஜ் மட்டும் கொடுங்க” என்று கடைக்காரர் கேட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் இது.

இது ‘அந்த’ டிப்ஸ் இல்லை, அது வேறு!

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான அமெரிக்க க்ரூஸ்களில் தினசரி கிராஜுவிட்டி என்று ஒன்று தனியாக உண்டு. கேபினைச் சுத்தம் செய்பவர், டைனிங் ஹாலில் பரிமாறுபவர், திரைக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் என எல்லோருக்கும் பொதுவாக இது வசூலிக்கப்படுகிறது. நார்வீஜியன் இதை 2023 ஜனவரியில் சாதாரண கேபினுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 டாலராக உயர்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் ராயல் கரீபியன் சாதாரண கேபினுக்கு 18 டாலராக்கியது.

ஆக, 2024 நிலவரப்படி, நார்வீஜியன் கப்பலில் ஏழு நாள் போகும் ஜோடிக்கு தினசரி கிராஜுவிட்டி 280 டாலர். ‘இலவச’ டிரிங்க்ஸுக்கான கிராஜுவிட்டி 305.20. இரண்டையும் கூட்டினால் 585.20 டாலர், சுமார் 50,000 ரூபாய். இவை எல்லாமே டிக்கெட் விலைக்கு மேலே.

இந்த இரண்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. தினசரி கிராஜுவிட்டியைக் குறைக்கவோ நீக்கவோ கேட்கும் வழியைப் பல நிறுவனங்கள் விட்டு வைத்திருக்கின்றன. அதனால் ‘விருப்பத்தின் பேரில்’ என்று அதைச் சொல்லிக்கொள்ள முடிகிறது. பேக்கேஜ் கிராஜுவிட்டி அப்படி இல்லை. பேக்கேஜ் வேண்டுமென்றால் இதையும் கட்டியே ஆக வேண்டும். வேண்டாமென்றால் பேக்கேஜையே விட்டுவிட வேண்டும்.

எது டிப்ஸ்? அமெரிக்க வருமான வரித் துறை சொன்ன நான்கு விஷயங்கள்

டிப்ஸ் என்றால் என்ன என்பதில் அமெரிக்காவிலேயே ஒரு தெளிவான வரையறை இருக்கிறது. அந்நாட்டு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். 2012-இல் வெளியிட்டு, 2014 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய விளக்கம் அது. ஒரு தொகை டிப்ஸ் என்று கருதப்பட நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்:

1. கட்டாயம் இல்லாமல் கொடுக்கப்பட வேண்டும்.

2. எவ்வளவு என்பதை வாடிக்கையாளரே முடிவு செய்ய வேண்டும்.

3. அந்தத் தொகை பேரம் பேசியோ, முதலாளியின் விதிப்படியோ தீர்மானிக்கப்பட்டிருக்கக் கூடாது.

4. யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பொதுவாக வாடிக்கையாளரே தீர்மானிக்க வேண்டும்.

ஆறு பேரோ அதற்கு மேலோ சாப்பிட வந்தால் பில்லில் தானாகவே 18% சேர்க்கும் ரெஸ்டாரன்ட்களின் வழக்கத்தை இந்த விளக்கம் டிப்ஸ் என்று ஏற்கவில்லை. அது சர்வீஸ் சார்ஜ் என்றது. இது வரிக்கணக்குக்காகச் சொன்ன விளக்கம்தான்; க்ரூஸ் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. ஆனால் அளவுகோல் என்னவோ பொது அறிவுக்குப் பொருந்தியதுதான். ‘இலவச’ டிரிங்க்ஸ் மீதான 20%-ஐ இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கட்டாயம் உண்டு. தொகையை முடிவு செய்வது நிறுவனம். நிறுவனத்தின் விதிப்படிதான் வருகிறது. யாருக்குப் போகிறது என்று பயணி சொல்ல முடியாது. நான்கில் ஒன்றுகூட தேறவில்லை.

இன்னும் ஒன்று. ஒருவர் ஒரு நாளைக்கு பத்து காக்டெயில் குடித்தாலும் 21.80தான். இன்னொருவர் ஒரே ஒரு ஆரஞ்சு ஜூஸ் குடித்தாலும் 21.80தான். பரிமாறிய வேலைக்கும் வாங்கிய தொகைக்கும் சம்பந்தமே இல்லாதபோது, அதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை, விலை.

கவர் போய் கணக்கு வந்த கதை

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. பழைய க்ரூஸ் வழக்கப்படி, ஒவ்வொரு பயணிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கு நிரந்தரமான மேஜை, நிரந்தரமான வெயிட்டர். பயணத்தின் கடைசி இரவில் அந்த வெயிட்டருக்கும், கேபினைப் பார்த்துக்கொண்டவருக்கும் கவரில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். முகம் தெரிந்தவருக்குக் கொடுத்த காசு அது.

2000-இல் நார்வீஜியன் ‘ஃப்ரீஸ்டைல் க்ரூஸிங்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. எப்போது வேண்டுமானாலும், எந்த ரெஸ்டாரன்ட்டில் வேண்டுமானாலும் சாப்பிடலாம். பயணிகளுக்கு வசதிதான். ஆனால் தினமும் வேறு வேறு வெயிட்டர் என்றால் கவர் யாருக்குக் கொடுப்பது? எனவே பயணியின் கணக்கில் தினமும் ஒரு தொகையை ஏற்றி, ஊழியர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் முறை பரவியது. அதில் நியாயம் இருந்தது. திரைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுபவர், சலவை செய்பவர் போன்றோருக்கும் பங்கு கிடைக்க வழி வந்தது.

ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. டிப்ஸ் என்பது பயணியின் முடிவாக இல்லாமல், நிறுவனத்தின் வருமானத் திட்டத்தில் ஒரு வரியாக மாறியது. அங்கிருந்து ‘இலவச’ பேக்கேஜ் மீது 20% என்பது சில அடி தூரம்தான்.

பாவம், அந்த பார்டெண்டர்!

இதில் உண்மையிலேயே சிக்கிக்கொள்பவர் கப்பல் ஊழியர். பெரிய க்ரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. அதனால் அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி அங்கே செல்லாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் ஊழியர்கள் மாதக்கணக்கில் ஒப்பந்தத்தில் வாரத்தின் ஏழு நாளும் வேலை செய்கிறார்கள். சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் (2006) அவர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அதாவது, ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க விதியிலேயே இடம் இருக்கிறது.

அப்படிப்பட்டவர்களுக்கு இந்தப் பணம் தேவை. ‘கட்டாய டிப்ஸ் வேண்டாம்’ என்று கோபப்படும் பயணிகளில் சிலர் நேராகப் போய் தினசரி கிராஜுவிட்டியை ரத்து செய்கிறார்கள். ஏனென்றால் ரத்து செய்ய முடிந்தது அது ஒன்றுதான். விளைவு? பேக்கேஜுக்கு விலையை ஒளித்து வைத்தது நிறுவனம். அடி விழுவது கேபின் சுத்தம் செய்பவரின் வருமானத்தில்.

இதுதான் இந்த முறையின் பெரிய பிரச்சினை. விலையை ‘டிப்ஸ்’ என்று அழைக்கும்போது நிறுவனம் ஊழியரைக் கேடயமாக முன்னால் நிறுத்துகிறது. கேள்வி கேட்கும் பயணி, கஷ்டப்படும் பார்டெண்டருக்குக் கொடுக்க மனசு வராத கஞ்சனாகத் தெரிகிறார். கேள்வி உண்மையில் பார்டெண்டரைப் பற்றியது அல்ல, அந்த 21.80-இல் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்பதைப் பற்றியது. பயணியின் பில்லில் அதற்குப் பதில் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் (எஃப்.டி.சி.) 1971-லேயே ‘இலவசம்’ என்ற சொல்லை விளம்பரத்தில் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. இலவசம் என்றால் அந்தப் பொருளுக்கு வாடிக்கையாளர் ஒன்றும் கொடுக்கக் கூடாது. நிபந்தனைகள் இருந்தால் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பில் சொல்வது போதாது என்பது அதன் சாரம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நட்சத்திரக் குறியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வழிகாட்டி வேறு, கறாரான விதி வேறு. மறைமுகக் கட்டணங்களுக்கு எதிராக எஃப்.டி.சி. கொண்டுவந்த புதிய விதி 2025 மே 12 முதல் அமலுக்கு வந்தது. அது நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கும் ஹோட்டல் போன்ற குறுகிய காலத் தங்கும் இடங்களுக்கும் மட்டும்தான். க்ரூஸ் கப்பல் அந்தப் பட்டியலில் இல்லை.

கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்கிறது அது. இதன் பிறகு பெரிய க்ரூஸ் நிறுவனங்கள் வரி, துறைமுகக் கட்டணங்களைச் சேர்த்தே விலை காட்டத் தொடங்கின. நல்ல மாற்றம்தான். கிராஜுவிட்டி மட்டும் வெளியே நின்றுவிட்டது. தினசரி கிராஜுவிட்டி நீக்கக்கூடியது, பேக்கேஜ் வேண்டாமென்று சொல்லக்கூடியது. எனவே இரண்டுமே ‘கட்டாயம்’ இல்லை என்று வாதிட இடம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நியாயமற்ற வணிக நடைமுறைகள் பற்றிய சட்டம் இன்னும் கறாரானது. ஒரு பொருளைப் பெற அல்லது டெலிவரி செய்ய ஆகும் தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறு எதையாவது வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியிருந்தால், அதை ‘இலவசம்’ என்று சொல்வதே தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டிகளும் ‘இலவசம்’ பற்றி இதையேதான் சொல்கின்றன. ஹோட்டல் பில்லில் தானாகச் சேர்க்கப்படும் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக்க முடியாது என்ற மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டியை, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்ததும் நினைவிருக்கலாம். கடலுக்குப் போனதும் அந்தத் தர்க்கம் மாறிவிடாது.

நிறுவனங்கள் தரப்பு வாதம் தேறுமா?

“எல்லாம் விதிமுறைகளில் எழுதியிருக்கிறது.” உண்மைதான். ஆனால் ‘இலவசம்’ என்பது பெரிய எழுத்திலும், ‘இலவசம் இல்லை’ என்பது சின்ன எழுத்திலும் இருந்தால், எதை நம்பச் சொல்கிறார்கள் என்பது தெளிவு.

“பேக்கேஜ் வேண்டாமென்றால் விட்டுவிடலாமே?” விடலாம். ஆனால் விட்டால் டிக்கெட் விலை குறைந்துவிடாது. ‘இலவசம்’ என்று சொல்லி விற்ற சலுகையைக் கைவிட்டதுதான் மிச்சம்.

“அப்படியும் இது லாபமான டீல்தானே?” குடிப்பவர்களுக்கு, ஆமாம். ஒரு காக்டெயில் 12 டாலர் என்று வைத்துக்கொண்டால், 20% சேர்த்து 14.40. இரண்டு குடித்தாலே 28.80. எனவே 21.80-க்கு அளவில்லாமல் என்பது மலிவுதான். ஆனால் குடிக்காதவர், நாளுக்கு ஒரு பியரோடு நிறுத்திக்கொள்பவர், துறைமுகங்களில் இறங்கி ஊர் சுற்றப் போகிறவர் ஆகியோருக்கு இது நஷ்டம்.

இந்தக் கடைசி வாதம்தான் நிறுவனங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. டீல் இவ்வளவு நல்லதென்றால், “109 டாலர் பேக்கேஜ், சலுகை விலையில் 21.80 மட்டும்” என்று நேராகவே விளம்பரம் செய்யலாமே? 80% தள்ளுபடி! எந்த விளம்பரக்காரரும் ஆசைப்படும் வாசகம். உண்மையைச் சொன்னாலே விற்கக்கூடிய பொருளுக்கு ஏன் இலவசம் என்ற பொய் தேவைப்படுகிறது? காரணம் எளிது. 21.80 என்றால் வாடிக்கையாளர் கணக்குப் போட்டுப் பார்ப்பார், மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவார். இலவசம் என்றால் கணக்குப் போட மாட்டார்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. நார்வீஜியனின் தாய் நிறுவனமே நடத்தும் ரீஜென்ட் செவன் சீஸ் என்ற சொகுசு க்ரூஸில் டிரிங்க்ஸும் டிப்ஸும் டிக்கெட் விலையிலேயே அடக்கம். விலை அதிகம்தான். ஆனால் பார்த்த விலைதான் கொடுக்கும் விலை. ஒரே குழுமத்தில் பணக்காரப் பயணிக்கு ஒளிவுமறைவில்லாத பில் சாத்தியம் என்றால், மற்றவர்களுக்கும் அது சாத்தியமே.

புக் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

* ‘இலவசம்’ என்று வரும் ஒவ்வொரு சலுகைக்கும் கிராஜுவிட்டி உண்டா, எத்தனை சதவீதம், எந்த விலையின் மீது என்று பாருங்கள். மொத்தத் தொகையை நாள், ஆள் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள்.

* நாளுக்கு எத்தனை டிரிங்க்ஸ் உண்மையில் குடிப்பீர்கள் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். இரண்டுக்குக் கீழே என்றால் பேக்கேஜை நீக்கச் சொல்லுங்கள்.

* பேக்கேஜில் எது அடங்காது என்று கேளுங்கள். பாட்டில் தண்ணீர், ஸ்பெஷல் காபி, குறிப்பிட்ட விலைக்கு மேலான டிரிங்க்ஸ் ஆகியவை பல நேரம் வெளியே இருக்கும்.

* இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது டிக்கெட் விலையை ஒப்பிடாதீர்கள். வரி, தினசரி கிராஜுவிட்டி, பேக்கேஜ் கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்.

* கோபம் வந்தால் அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். தினசரி கிராஜுவிட்டியை நீக்கி ஊழியர்மீது காட்டாதீர்கள்.

பயணிகள் விழிப்பாக இருப்பது மட்டும் இதற்குத் தீர்வாகாது. ஒழுங்காற்று அமைப்புகள் செய்ய வேண்டியது மிகவும் சின்ன வேலை: கட்டாயமான எதையும் கிராஜுவிட்டி என்று அழைக்கக் கூடாது; கட்டணம் உள்ள எதையும் இலவசம் என்று அழைக்கக் கூடாது; ஊழியர் பெயரில் வசூலிக்கும் பணத்தில் எவ்வளவு ஊழியருக்குப் போகிறது என்று பில்லிலேயே அச்சிட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் எந்த க்ரூஸ் நிறுவனமும் திவாலாகிவிடாது. டிக்கெட் விலை கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அது ஏற்கெனவே அந்த அளவுக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.